பாத்துமுத்தும் பர்வீனும்



குழந்தை பிறந்த ஏழாம் நாள் பெயர் சூட்டி அகீகா கொடுப்பது நபிவழி. அந்நாளில் ஆலிம்களை நாடி வரும் பெற்றோர் சிலர், "பாட்டியின் பெயர் பாத்துமுத்து. அது இஸ்லாமியப் பெயராக இல்லையே, ஹஜ்ரத்!" என்கின்றனர். அவர்களே பர்வீன் என்ற பெயரைத் தயங்காமல் ஏற்கின்றனர். பர்வீன் என்பதோ, நாம் கார்த்திகை என்றழைக்கும் விண்மீன் கூட்டத்தின் பாரசீகப் பெயர்! ஷிரீன் என்றால் அம்மொழியில் இனிமை. காத்தூன், பேகம் ஆகியவை துருக்கியர் வழங்கிய பட்டங்கள். பாரசீக விண்மீனுக்குக் கிடைத்த இடம் தமிழ் முத்துக்கு மட்டும் ஏன் மறுக்கப்படுகிறது?

மதரஸாக்களில் அரபு இலக்கணம் பயில்வோர் தொடக்கத்திலேயே கற்கும் பாடம் ஒன்றுண்டு. இப்ராஹீம், இஸ்மாயீல், இஸ்ஹாக், யஃகூப் (அலை) ஆகியோரின் பெயர்கள் அரபுச் சொற்களல்ல. 'அஜமி', அதாவது வேற்றுமொழிப் பெயர்கள். அதனாலேயே அவை தன்வீன் ஏற்பதில்லை. நூஹ், லூத் என்பனவும் வேற்றுமொழிப் பெயர்களே. மூன்றெழுத்தாக இருப்பதால் தன்வீன் பெறுகின்றன. (இவ்விடத்தில் திணறாத மாணவர் குறைவு!) எகிப்திலிருந்து வந்த மாரியா (ரலி) அவர்களின் பெயரை அண்ணலார் (ஸல்) மாற்றவில்லை. அவர்கள் ஈன்றெடுத்த தம் மகனுக்கு இப்ராஹீம் என்றே பெயரிட்டார்கள்.

நபி (ஸல்) அவர்கள் மாற்றியவை தீய பொருளுடைய பெயர்களே. 'மாறு செய்பவள்' எனப் பொருள்படும் ஆஸியா என்ற பெயரை ஜமீலா என மாற்றினார்கள். (ஃபிர்அவ்னின் துணைவியார் ஆசியா அம்மையாரின் பெயர் அரபியில் வேறு எழுத்துகளால் ஆனது, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) 'கரடுமுரடு' என்னும் பொருளில் ஹஜ்ன் எனப் பெயர் பெற்றிருந்தவரிடம், 'மென்மை' எனப் பொருள்படும் ஸஹ்ல் என்று மாற்றிக்கொள்ளக் கூறினார்கள். தந்தை வைத்த பெயரை மாற்றமாட்டேன் என்று அவர் மறுத்தார். அந்தக் கடுமை தம் குடும்பத்தை விட்டு அகலவேயில்லை என்று அவருடைய பேரர் ஸயீத் இப்னுல் முஸய்யப் பிற்காலத்தில் கூறியது புகாரீயில் பதிவாகியுள்ளது.

இனி நம் கடற்கரையூர்களைப் பாருங்கள். 1166இல் பக்தாதில் மறைந்த அப்துல் காதிர் ஜீலானீ அவர்களின் சிறப்புப் பெயரான முஹ்யித்தீன், நம் நாவில் முகைதீன், மொய்தீன், மைதீன் எனப் பலவாறாக உருவெடுத்தது. அமீர் என்னும் அரபுச் சொல் பாரசீகத்தில் மீர் எனச் சுருங்கி, நாகூர் வழியே மீரான் ஆயிற்று. பாத்திமா, பாத்துமுத்து ஆனார். சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரை ஆதரித்த 17ஆம் நூற்றாண்டின் கீழக்கரை வள்ளல் ஷெய்கு அப்துல் காதிரின் பெயர் சீதக்காதி எனத் திரிந்து, தமிழர் அனைவரும் வழங்கும் பழமொழியிலேயே ஏறிவிட்டது.