தன்னைப் பேணிய நம் முன்னோர்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது நம் பழமொழி. நம் உடலும் உள்ளமுமே அந்தச் சுவர். அவற்றை அன்றாடப் பழக்கத்தாலும் நல்ல நூல்களாலும் பேணிக் காப்பது வசதி படைத்தவர்களுக்கு மட்டுமே உரியது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

நாகப்பட்டினத்தில் கப்பலேறிய நம் பாட்டன் பாட்டிமார் பலர் மலாயாவில் முதலில் கால் வைத்த இடம் பினாங்கு. 'ரஜூலா' கப்பலின் பெயரைச் சொன்னால் முதியோர் முகம் மலரும். வந்தவர்களில் பலர், நோய் பரவாமலிருக்க, ஜெரெஜாக் தீவில் சில நாட்கள் தடுத்து வைக்கப்பட்டனர். அங்கே உடல்நலம் என்பது அதிகாரிகள் இட்ட கட்டளை. கட்டளைக்காகச் செய்ததைத் தம் சொந்த விருப்பத்தால் செய்யத் தொடங்கியபோதே நம்மவரின் முன்னேற்றம் தொடங்கியது.

அதற்குத் துணை நின்றது எழுத்தறிவு. ஜார்ஜ் டவுனில் உள்ள பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் 1816ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் தமிழ் வகுப்பு தொடங்கியது. இந்நாட்டுத் தமிழ்க் கல்வியின் பிறந்தநாளாக அதனையே கொள்கிறோம். 1883இல் நாகூர் குலாம் காதிறு நாவலர் பினாங்கிலிருந்து 'வித்தியா விசாரிணி' என்னும் தமிழ் ஏட்டை நடத்தினார். பிற்காலத்தில் தோட்டங்களில் எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்க, சுற்றியிருந்து பலர் கேட்பதும் வழக்கமாயிற்று.

படிக்கக் கற்றவர் எதைப் படிப்பது? இங்கே ஒருவரை நினைக்க வேண்டும். கப்பலோட்டிய தமிழர் வ.உ. சிதம்பரம் பிள்ளையை நாம் அறிவோம். இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஆலன் என்றோர் எழுத்தாளர் இருந்தார். தந்தையை இழந்து, பதினைந்து வயதில் பள்ளியை விட்டு வேலைக்குப் போனவர் அவர். நம் எண்ணமே நம் வாழ்வை உருவாக்குகிறது என்று அவர் எழுதிய நூலை, 'மனம் போல வாழ்வு' என்ற பெயரில் வ.உ.சி. தமிழில் தந்தார். செக்கிழுத்துத் துன்புற்ற சிறைவாச காலத்தில் செய்த பணி அது.

இங்கே ஒரு கேள்வி எழும். 'எண்ணத்தைத் திருத்து, வாழ்வு திருந்தும் என்கிறாரே! அப்படியானால் குறைந்த கூலிக்கும் ஒழுகும் லயத்துக்கும் நம் எண்ணமா காரணம்?' நியாயமான கேள்விதான். அதற்கு விடை வ.உ.சி.யின் வாழ்க்கையிலேயே இருக்கிறது. அதே மனிதர்தாம் 1908இல் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்களுக்குத் துணை நின்று, கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு வேலைநிறுத்தம் நடத்தி வென்றவர். உரிமையைக் கேட்பதும் தன்னைத் திருத்திக்கொள்வதும் அவருக்கு இரண்டு கைகள். ஒரு கையால் ஓசை எழாது.

இதே பாடத்தை நம் அண்டையிலும் காணலாம். பினாங்குத் தீவிலிருந்து நீரிணையைக் கடந்து வடக்கே போனால் கெடா. 1946இல் அங்கே ஹார்வர்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு ஏ.எம். சாமி தலைமையில் 'தொண்டர் படை' எழுந்தது. சம்பள நாளில் அடுப்புக்குப் போக வேண்டிய காசு கள்ளுக்கடைக்குப் போவதைக் கண்டு, தோட்டத்து இளைஞர்கள் அணிவகுத்துப் பயிற்சி செய்தனர். கள்ளுக்கடை முன் மறியல் செய்தனர். தோட்டத்தில் மரியாதையான வாழ்வையும் கேட்டனர். 1947இன் தொடக்கத்தில் போலீஸ் நடவடிக்கையால் அந்தப் படை ஒடுக்கப்பட்டது. ஒரு தொழிலாளி உயிரையும் இழந்தார். படை கலைந்தது. ஆனால், குடியை விட்டவன் தலை நிமிர்வான் என்ற எண்ணம் கலையவில்லை.

அந்தத் துணிவில் ஒரு பங்கு இன்று நமக்கும் வேண்டும். தோட்டத்தை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடிக்குப் போனவர்களுக்கும் இது பொருந்தும். பெரிதாக எதுவும் வேண்டாம். பிள்ளைகள் இரவில் பல் துலக்கிப் படுக்கட்டும். பெரியவர்கள் நாளும் சிறிது தூரம் நடக்கட்டும். தேநீரில் சர்க்கரையைக் குறைக்கட்டும். சம்பளம் கைக்கு வந்ததும் முதலில் ஒரு சிறு தொகையை எடுத்து வைப்போம். நோய் வந்தால் நூலை நம்பியிராமல் மருத்துவரைக் காண்போம்.

இரவு உணவுக்குப் பின் கால்மணி நேரம் ஒருவர் படிக்க மற்றவர் கேளுங்கள். எம்.ஆர்.எம். அப்துற் றஹீமின் 'வாழ்க்கையில் வெற்றி', எம்.எஸ். உதயமூர்த்தியின் 'எண்ணங்கள்' போன்றவை எளிய தமிழில் அமைந்தவை. ஒரு பக்கம் படித்து அதில் ஒன்றை மறுநாள் செய்து பார்ப்பது, நூறு பக்கம் படித்து மூடி வைப்பதினும் மேல்.

1817இல் ஜார்ஜ் டவுனில் தோன்றிய நூலகம் ஆங்கிலேயக் கனவான்களுக்காகவே ஏற்பட்டது. இன்று பினாங்குப் பொது நூலகத்தின் கதவு பால்மரம் சீவுவோரின் பிள்ளைக்கும் திறந்திருக்கிறது. அந்தக் கதவின் வழியே நம் பிள்ளைகளைக் கைப்பிடித்து அழைத்துச் செல்வது நம் கடமையன்றோ?