ஒன்பதைத் தள்ளிப் பார்த்த கணக்கு



2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்ததை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். மயிலத்தில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. பிரம்மதேசத்தில் கரண்ட் திரும்பிய பிறகு பேரன் போன் செய்தான். காற்றோட்டம், நீரோட்டம் இவற்றைக் கணக்கிடும் மென்பொருள் எழுதுவது அவன் வேலை. இப்போது என்ன செய்கிறாய் என்று கேட்டேன்.

"பழைய கணக்கையே திரும்பப் போட வச்சு, பழைய விடை வருதான்னு பார்க்கிற சோதனை எழுதறேன் தாத்தா. ரிக்ரஷன் டெஸ்ட்னு பேரு."

அதற்கு என்ன அவசியம் என்று விசாரித்தேன். காற்றின் சமன்பாடுகளை நேரடியாகத் தீர்க்க முடியாது. வானத்தைக் கட்டம் கட்டமாகவும் நேரத்தைச் சிறு சிறு துண்டாகவும் பிரித்துத்தான் கணக்கிட வேண்டும். நிரலில் ஒரு வரியை மாற்றினாலும் விடையாக ஏதோ ஒரு எண் வந்துவிடும். அது தப்பு என்று எண்ணின் முகத்தில் எழுதியிருக்காது.

இதற்கு ஒரு பழைய கதை உண்டு. ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர் 1910 மே 20-ஆம் தேதியின் வானிலையைக் கையாலேயே கணக்கிட்டார். ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 மில்லிபார் ஏறும் என்று வந்தது. உண்மையில் அன்று அழுத்தம் அநேகமாக மாறவே இல்லை. அவர் அதை மறைக்காமல் 1922-ல் புத்தகமாகவே அச்சிட்டார். பல பத்தாண்டுகள் கழித்து அயர்லாந்தின் பீட்டர் லிஞ்ச் அதே கணக்கைக் கணினியில் போட்டார். முதலில் அதே தப்பு விடை வந்தது. தொடக்க எண்களைச் சீர்செய்ததும் நம்பத்தகுந்த விடை கிடைத்தது. தோற்ற கணக்கை எழுதி வைத்திராவிட்டால் இது நடந்திருக்குமா?

நம் நாட்டிலும் இந்தச் சிக்கல் எழுந்தது. பெங்களூர் தேசிய வானூர்தியியல் ஆய்வகத்தில் 1986-ல், பல செயலிகளை இணைத்து ஃப்ளோசால்வர் என்ற கணினியைச் செய்தார்கள். காற்றோட்டக் கணக்குகளுக்காகவே பிறந்தது அது. தில்லியில் 1988-ல் அமைந்த வானிலை மையத்தில் இருந்ததோ அமெரிக்கக் கிரே கணினி. அங்கே ஓடிய முன்கணிப்பு நிரலை 1990-களில் ஃப்ளோசால்வரிலும் ஓட்டினார்கள். புது எந்திரம் சொல்வது சரியா என்று அறிய, பழைய எந்திரத்தின் விடையை அருகில் வைத்துப் பார்ப்பதுதான் வழி.

ஆனால் இரண்டும் கடைசி இலக்கம் வரை ஒத்துப்போகாது. கூட்டும் வரிசை மாறினாலே கடைசி இலக்கம் மாறும். 1961-ல் அமெரிக்காவில் லோரன்ஸ் 0.506127 என்பதற்குப் பதில் 0.506 என்று கொடுத்துப் பழைய கணக்கை மறுபடி ஓட்டினார். சிறிது காலத்துக்குப் பின் வேறொரு வானிலையே வந்து நின்றது. அதனால் எவ்வளவு வித்தியாசத்தைப் பொறுக்கலாம் என்பதையும் சோதனை எழுதுகிறவர் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும்.

பேரன் பேசப் பேச எனக்குப் புதுச்சேரிப் பள்ளி நினைவு வந்தது. பிரெஞ்சு வாத்தியார் ஒவ்வொரு பெருக்கலுக்கும் "ப்ரெவ் பார் நெஃப்" கேட்பார். ஒன்பதுகளைத் தள்ளி மிச்சத்தை ஒப்பிடும் முறை. உத்தியோகத்திலும் அதையே நம்பினேன். ஒருமுறை ஓய்வூதியத் திருத்தத்தில் ஒரு விதவை அம்மாளுக்கு 630 ரூபாய் என்பதை 360 என்று எழுதிவிட்டேன். இலக்கம் இடம் மாறினால் ஒன்பதுச் சோதனைக்குத் தெரியாது. நான்கு மாதம் அந்த அம்மா 270 ரூபாய் குறைவாக வாங்கினார். கேட்கக்கூடத் தயங்கியிருக்கிறார். பழைய மாதத் தொகையை ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் எனக்கே அன்றே தெரிந்திருக்கும். பாக்கியை வாங்கிக் கொடுத்தேன். ஆனால் அந்த நான்கு மாதத்தைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

இதைப் பேரனிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதையும் ஒரு சோதனையா சேர்க்கணும் தாத்தா" என்றான்.