வன்னிக்கு வந்த இரும்புக்கை: பழைய சித்திரக்கதைகளின் சேகரிப்பும் மதிப்பும்

பூநகரிப் பிரதேச செயலகப் பிரிவில் உள்ள ஜெயபுரம் போன்றதொரு வன்னிக் கிராமத்தில், 1972 இல் அச்சான முத்து காமிக்ஸ் இதழ் ஒன்று இன்று கிடைத்தால் அதற்கு என்ன விலை வைப்பது? சென்னையில் பழம்புத்தகம் விற்பவர் உடனே ஒரு தொகை சொல்லிவிடுவார். நியூயோர்க்கில் என்றால் அட்டையின் மடிப்பையும் முதுகின் கிழிசலையும் பார்த்து அதற்கொரு தர எண் கொடுப்பார்கள். வன்னியில் இப்படிப்பட்ட இதழ்கள் இவ்விரு நகரங்களையும் விட அரிதாகிவிட்டன. ஆனால் அவற்றுக்கு அங்கே சந்தை இல்லை, பட்டியல் இல்லை, தேடி வருபவரும் இல்லை. ஒரு பொருள் அரிதாவதற்கும் அது விலை பெறுவதற்கும் நடுவே என்ன நிகழ வேண்டும், வன்னியில் அது ஏன் நிகழவில்லை என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

அமெரிக்க வரலாற்றை முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். சூப்பர்மேன் அறிமுகமான 'அக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழ் 1938 ஜூன் மாத இதழாக 10 சதத்துக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரில் பழைய தாள் திரட்டியபோது ஏராளமான இதழ்கள் அரைத்துக் கூழாக்கப்பட்டன. 1954 இல் உளமருத்துவர் பிரெட்ரிக் வெர்தாம் சித்திரக்கதைகள் பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்று நூலெழுதினார். அக்காலத்தில் பல ஊர்களில் அவை குவித்து எரிக்கப்பட்டன. தப்பியவற்றை வளர்ந்து ஆளான வாசகர்கள் தேடத் தொடங்கியதும் 1970 இல் ரொபேர்ட் ஓவர்ஸ்ட்ரீட்டின் விலைக் கையேடு வந்தது. 2000 இல் சிஜிசி நிறுவனம் இதழைப் பத்துக்குத் தரம் பிரித்து, பிளாஸ்டிக் உறையில் முத்திரையிடும் முறையைத் தொடங்கியது. 2024 ஏப்ரலில் 'அக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழின் ஒரு பிரதி 60 இலட்சம் டொலருக்கு ஏலம் போனது. 2025 நவம்பரில் 'சூப்பர்மேன்' முதல் இதழ் ஒன்று 91 இலட்சத்து 20 ஆயிரம் டொலரைத் தொட்டது.

இந்தக் கடைசிப் பிரதி எங்கிருந்து வந்தது என்பதுதான் தொகையை விட எனக்கு முக்கியமாகப் படுகிறது. தாய் இறந்த பிறகு அவருடைய வீட்டின் கூரையடி அறையில், பழைய பத்திரிகைகளுக்கு அடியிலிருந்த பெட்டியொன்றில் மூன்று சகோதரர்கள் அதைக் கண்டெடுத்தார்கள். 1977 இல் கொலராடோவில் வெளிப்பட்ட எட்கர் சேர்ச்சின் சேகரிப்பும் ஒரே வீட்டில் பல பத்தாண்டுகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. அந்த மாநிலத்தின் வறண்ட காற்று தாளைப் பழுப்பேறாமல் காத்தது. ஓவர்ஸ்ட்ரீட்டின் கையேடும் சிஜிசியின் உறையும் பின்னால் வந்தவை. எவரும் கிளப்பாத, எவரும் குண்டு போடாத ஒரு வீடு அவற்றுக்கு முன்பே இருந்தது. சேகரிப்பு பற்றிய எழுத்துகளில் இந்த நிபந்தனை பேசப்படுவதே இல்லை. அங்குள்ளவர்களுக்கு அது காற்றைப் போலக் கண்ணில் படாதது.

தமிழில் இந்த வகைக் கதை பிரித்தானிய வழியாக வந்தது. 1962 அக்டோபரில் 'வேலியன்ட்' வார இதழில் தொடங்கிய 'த ஸ்டீல் க்ளோ' தொடரை ஸ்பானிய ஓவியர் ஹேசூஸ் பிளாஸ்கோ வரைந்தார். வலது கையை இழந்து எஃகுக் கை பொருத்திக்கொண்ட லூயிஸ் கிராண்டல் மின்சாரம் பாய்ந்தால் மறைந்துவிடுவான். கை மட்டும் தெரியும். 1972 இல் சிவகாசியில் சௌந்தரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸ் அவனை இரும்புக்கை மாயாவியாகத் தமிழுக்குக் கொண்டுவந்தது. 1984 ஜூலையில் அவருடைய மகன் விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். அதில் வந்த ஸ்பைடர் என்ற பிரித்தானியச் சித்திரக்கதை நாயகனின் கதைகளில் பலவற்றை எழுதியவர் ஜெரி சீகல். ஜோ ஷுஸ்டரோடு சேர்ந்து சூப்பர்மேனைப் படைத்த அதே சீகல்தான். தமிழ் வாசகர் அவருடைய பெயரை அறியாமலே அவருடைய எழுத்தில் வளர்ந்தார்கள். அதே ஆண்டில் தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸும் வந்து, வேதாளர் எனப் பலரும் அழைத்த லீ ஃபோக்கின் ஃபேண்டத்தைப் பின்னாளில் மாயாவி என்ற பெயரில் வீடுதோறும் சேர்த்தது.

தமிழ்நாட்டில் இவை அரிதானதற்குக் காரணம் சாதாரணமானது. மலிவான தாள், வாங்கியவர்கள் பிள்ளைகள், படித்து முடித்ததும் பழைய பேப்பர்க் கடை. அந்தப் பிள்ளைகள் நாற்பதைத் தாண்டிக் கையில் காசு புரளத் தொடங்கியபோது தேடல் பிறந்தது. 2012 ஜனவரியில் லயன்-முத்து மறுவருகையும், அதைத் தொடர்ந்து வந்த மறுபதிப்புகளும் வாசகனையும் சேகரிப்பவனையும் பிரித்துக் காட்டின. கதை வேண்டியவன் மறுபதிப்போடு நிறைவடைந்தான். முதற்பதிப்பு வேண்டியவன் 1970களின் மெலிந்த இதழொன்றுக்கு ஆயிரக்கணக்கில் இந்திய ரூபா கொடுக்க முன்வந்தான்.

கடலுக்கு இப்பால் நிலைமை தொடக்கத்திலேயே வேறு. முத்து காமிக்ஸ் பிறந்த 1970களின் முற்பகுதியில் இலங்கை அரசு இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியிருந்தது. அக்கட்டுப்பாடு உள்ளூர்ப் பதிப்புக்கு ஊக்கமாக அமைந்ததை நம் இலக்கிய வரலாறுகள் வீரகேசரி நாவல்களைக் கொண்டு விளக்குகின்றன. சித்திரக்கதையில் அந்த அளவு விளைச்சல் இல்லை. சிவஞானசுந்தரத்தின் சவாரித் தம்பரும் அவருடைய சிரித்திரனும் நம் மண்ணின் உயர்ந்த சாதனைகள்; ஆனால் அவை கேலிச்சித்திர மரபைச் சேர்ந்தவை, சாகச நாயகன் அங்கே இல்லை. 1977 க்குப் பின் பொருளாதாரம் திறக்கப்பட்டபோது அந்த இடத்தைச் சிவகாசி நிரப்பியது. ஒரு பிரதியை ஒருவர் வாங்க, இரவலில் அது வகுப்பு முழுக்கச் சுற்றும். அட்டை போனாலும் கதை போகாது. யாழ்ப்பாணத்தையும் வவுனியாவையும் விடக் கடைகள் குறைந்த வன்னிக் கிராமங்களில் இந்த இரவல் சுற்று இன்னும் நீளமாக இருந்திருக்கும் என்று கருத இடமுண்டு.

பிறகு போர். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தது உலகறிந்த இழப்பு. தனி வீடுகளின் இழப்புக்குக் கணக்கில்லை. 1990 முதல் வடக்குக்கு விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் பொன்னானது. சிறிதளவு எண்ணெயில் திரி எரியும் ஜாம் போத்தல் விளக்கில்தான் ஒரு தலைமுறை படித்தது. அச்சுத்தாளுக்குத் தட்டுப்பாடு வந்து, பத்திரிகைகளே கொப்பித் தாளில் அச்சாயின. அப்படியான காலத்தில் எழுத்துள்ள எந்தத் தாளும் சரை சுற்றவும் அடுப்பு மூட்டவும் உதவியது. அதைக் குறையாகச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. 1995 அக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுதும் பெயர்ந்தது. அதில் பெருந்தொகையானோர் வன்னிக்கு வந்து சேர்ந்தனர். 1996 இல் கிளிநொச்சி நகரம் இடம்பெயர்ந்தது. 2002 இன் போர்நிறுத்தமும் ஏ9 வீதித் திறப்பும் கொடுத்த இடைவெளிக்குப் பின், 2008 இல் பூநகரிப் பகுதி மக்கள் கிழக்கு நோக்கி நடந்தார்கள். கிளிநொச்சி, தருமபுரம், புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால், அதன் பின் வவுனியாவின் மெனிக் பாம் முகாம்.

ஒவ்வொரு நகர்விலும் சுமை குறைந்தது. பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, அடையாள அட்டை, பிள்ளைகளின் பெறுபேற்றுத் தாள் ஆகியவையே கடைசிவரை பையில் இருந்தன. இடுப்பளவு தண்ணீரில் நந்திக்கடலைக் கடந்தவர்களின் கையில் படக்கதைப் புத்தகம் இருக்க நியாயமில்லை. விட்டுச் சென்ற வீட்டில் இருந்ததைக் குண்டும் மழையும் கறையானும் பங்கிட்டுக்கொண்டன.

ஆகவே வன்னியில் தப்பியிருக்கக்கூடிய ஒரு பிரதியைச் சந்தையின் தர அளவையால் அளப்பது பிழை என்பது என் முடிவு. அந்த அளவையில் அட்டையில் பெயர் எழுதியிருந்தால் புள்ளி குறையும். வாசிகசாலை முத்திரை, எண்ணெய்க் கறை, கொப்பி நூலால் தைத்த முதுகு, துருப்பிடித்த கம்பி யாவும் குறைகளே. ஆனால் போர்க்கால வாசிப்பின் வரலாற்றை எழுத வருபவனுக்கு இவை தவிர வேறு சான்று கிடையாது. எந்தக் கடையில் வாங்கியது, எத்தனை பேர் பெயர் எழுதியிருக்கிறார்கள், எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போனது என்பதைக் கறைகளும் கையெழுத்துகளும் மட்டுமே சொல்லும். அழுக்கைத் துடைத்து, பெயரை அழித்து, விலை ஏற்றி விற்கப்படும் ஒவ்வொரு பிரதியோடும் இந்தச் சான்றும் அழிகிறது. எட்கர் சேர்ச்சின் சேகரிப்பைச் சேர்ந்த இதழ் என்று நிறுவப்பட்டால் அமெரிக்கச் சந்தையே கூடுதல் விலை கொடுக்கிறது. பிரதி கடந்து வந்த வழிக்கு மதிப்புண்டு என்பதை அங்கேயும் ஒப்புக்கொள்கிறார்கள்.

ஆவணப்படுத்தலில் ஒரு நடைமுறை இடைவெளியும் இருக்கிறது. 2005 முதல் இயங்கும் நூலகம் மின்னூலகம் இலங்கைத் தமிழர் வெளியீடுகளைப் பெரும் உழைப்போடு காத்து வருகிறது. சிவகாசியில் அச்சான இதழ் அதன் மைய எல்லைக்குள் இயல்பாக வராது. கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் துண்டறிக்கை, பாட்டுப் புத்தகம், திருமண அழைப்பிதழ் என்று மற்றவர்கள் எறிந்ததையெல்லாம் சேர்த்தார். அவர் 1992 இல் மறைந்த பின் 1994 இல் அவருடைய சேகரிப்பு சென்னையில் ஆய்வு நூலகமானது. அங்கே ஒரு முத்து காமிக்ஸ் இருந்தால் அது தமிழ்நாட்டுப் பதிப்பு வரலாற்றின் சான்றாகவே பதிவாகும். வன்னியில் வாசிக்கப்பட்ட பிரதிக்கு இரண்டு இடத்திலும் தனிப் பகுப்பு இல்லை. பிரதியின் உட்பக்கங்களை விட்டு, அட்டையையும் பெயர் எழுதிய பக்கத்தையும் மட்டும் படமெடுத்து, வைத்திருந்தவரின் வாய்மொழியோடு சேர்த்துப் பதிவு செய்தால் பதிப்புரிமைச் சிக்கலும் குறையும். கிளிநொச்சி மாவட்டப் பாடசாலை நூலகங்களிலும் சனசமூக நிலையங்களிலும் இந்தப் பதிவைத் தொடங்கலாம். ரொறன்ரோவிலும் பாரிஸிலும் உள்ள வன்னிக் குடும்பங்களின் பெட்டிகளிலும் தேட வேண்டும். 1980களிலேயே வெளியேறியவர்களின் பெட்டிகள்தான் இந்த இடப்பெயர்வுகளில் சிக்காதவை.