பாடவேளையும் புரிதலும்: தாம்பரம் வட்டாரப் பள்ளிகளில் கணித, அறிவியல் கற்பித்தல்

உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளில் கணிதமும் அறிவியலும் கற்பிப்போரின் மனநிறைவையும் மனச்சோர்வையும் ஆசிரியரின் அர்ப்பணிப்பு, மாணவரின் ஆர்வம் போன்ற தனிமனித இயல்புகளால் விளக்கிவிடும் போக்கு பரவலாக உள்ளது. தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், சேலையூர் எனத் தொடரும் தென்சென்னைப் புறநகர்ப் பள்ளிகளின் நடைமுறையைக் கூர்ந்து நோக்கினால், இவ்விரண்டும் பாடவேளைகள் பங்கிடப்படும் முறை என்னும் ஒரே மூலத்திலிருந்து எழுவது புலப்படும். ஒரு கருத்து மாணவருக்கு விளங்கத் தேவைப்படும் காலம் வேறு, அதையே தேர்வில் பிழையின்றி எழுதவைக்கப் போதுமான காலம் வேறு. முன்னது வாய்க்கும் நாளில் ஆசிரியர் நிறைவடைகிறார், பின்னது மட்டுமே வாய்க்கும் நாளில் சோர்வடைகிறார்.

பத்தாம் வகுப்பு முக்கோணவியல் இதற்குத் தக்க சான்றாகும். இந்திய நிலப்பரப்பை முக்கோணங்களாகப் பகுத்து அளந்த பெரும் முக்கோணவியல் நில அளவைக்குரிய அடிக்கோட்டை, அதாவது ஏனைய தொலைவுகளைக் கோணங்களைக் கொண்டே கணக்கிடுவதற்கு ஆதாரமாக நிலத்தில் நேரடியாக அளக்கப்படும் கோட்டை, வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரலில் பரங்கிமலை அருகே தொடங்கித் தெற்கே பெரும்பாக்கம் குன்று வரை ஏறத்தாழ 12 கிலோமீட்டருக்குச் சங்கிலியால் அளந்தார். வெப்பத்தால் சங்கிலி நீள்வதற்கும் அவர் திருத்தம் கணக்கிட்டார். பரங்கிமலையை மின்சார ரயிலில் நாள்தோறும் கடந்து செல்லும் மாணவர்களுக்கு, முக்கோணவியல் பாடம் பெரும்பாலும் கரும்பலகையிலேயே தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது.

இப்பாடத்தைத் திடலுக்குக் கொண்டுசெல்வது கடினமன்று. பாகைமானியின் நேர்விளிம்பில் ஓர் உறிஞ்சுகுழலை ஒட்டி, அதன் மையத்திலிருந்து நூலில் சிறு எடையைத் தொங்கவிட்டால், ஏற்றக்கோணத்தை, அதாவது கிடைமட்டத்துக்கு மேலே பார்வைக்கோடு உயரும் கோணத்தை அளக்கும் கருவி கிடைத்துவிடும். ஒரு கோபுரத்தின் உச்சி 30 பாகையில் தெரியும் இடத்திலிருந்து அதை நோக்கி 20 மீட்டர் நடந்தபின் 60 பாகையில் தெரிந்தால், அதன் உயரம் ஏறத்தாழ 17.3 மீட்டர் என்பது ஏட்டுக் கணக்கின் விடை. பள்ளித் திடலில் நின்று செல்பேசிக் கோபுரத்தை அளக்கும் மாணவர்களில் ஒருவருக்கு முதற்கோணம் 29 பாகையாகவும், மற்றொருவருக்கு 31 பாகையாகவும் அமையக்கூடும். அப்போது உயரம் முறையே 16.3 மீட்டர், 18.4 மீட்டர் என மாறிவிடும். ஒரு பாகைப் பிழை எவ்வாறு ஒரு மீட்டராகப் பெருகுகிறது, தரையிலிருந்து கண்மட்டம் வரையுள்ள உயரத்தையும் கூட்ட வேண்டாமா, எத்தனை முறை அளந்து சராசரி காண்பது என்ற கேள்விகளை மாணவர்களே எழுப்பும்போது கணிதம் அறிவியலாகிறது. இத்தொழிலின் மிகப் பெரிய பேறு இதுவே என்பதில் ஐயமில்லை. ஆனால் இக்கேள்விகளுக்கு வினாத்தாளில் மதிப்பெண் இல்லை. அவற்றுக்காகச் செலவான இரண்டு பாடவேளைகளை ஆசிரியர் காலை நேரச் சிறப்பு வகுப்பில் ஈடுசெய்தாக வேண்டும்.

தேர்வு கற்பித்தலை நெறிப்படுத்தும் விதம் மேல்நிலை வகுப்புகளில் மேலும் தெளிவாகத் தெரிகிறது. 1978இல் மேல்நிலைக் கல்வி அறிமுகமானதிலிருந்து நெடுங்காலம் பன்னிரண்டாம் வகுப்பின் இறுதியில் மட்டுமே பொதுத்தேர்வு நடந்ததால், தனியார் பள்ளிகள் பலவற்றில் பதினொன்றாம் வகுப்புப் பாடங்களை ஒதுக்கிவிட்டு, அடுத்த ஆண்டுக்குரியவற்றையே ஈராண்டுகளும் மனப்பாடம் செய்விக்கும் வழக்கம் வேரூன்றியது. இதைத் தடுக்க 2017-18இல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டது. 2025இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோ அதைக் கைவிட்டது. மாணவரின் சுமையைக் குறைக்கும் அந்நோக்கம் வரவேற்கத்தக்கதே. எனினும் இயக்கவியலும் நுண்கணிதமும் அவ்வகுப்பில்தான் தொடங்குகின்றன என்பதால், பழைய வழக்கம் திரும்பினால் அதன் விளைவைப் பொறியியல் முதலாண்டு மாணவர்களே சுமப்பர்.

பதினொன்றாம் வகுப்பின் இயற்பியல் பாடநூலிலேயே ஓர் அடிப்படைச் சிக்கல் உள்ளது. அதன் இரண்டாம் அலகான இயக்கவியலுக்கு, அளவோடு திசையும் கொண்ட வெக்டரும், நொடிக்கு நொடி மாறும் அளவுகளின் மாறுவீதத்தைக் காணும் முறையாகிய வகையீடும் தேவை. கணிதப் பாடநூலிலோ இவை இரண்டாம் தொகுதியில்தான் வருகின்றன. ஆகவே திசைவேகம் என்பது இடப்பெயர்ச்சியின் வகையீடு என்று கற்பிக்க வேண்டிய இயற்பியல் ஆசிரியர், கணித ஆசிரியர் சில மாதங்களுக்குப் பின் முறையாக விளக்கவிருக்கும் ஒன்றை அவசரமாக, சூத்திரமாக மட்டும் சொல்லிச் செல்கிறார். இவ்வட்டாரத் தனிப்பயிற்சி மையங்கள் மாலையில் நிரம்புவதற்கு நீட் போன்ற தேர்வுகளோடு இந்த இடைவெளியும் ஒரு காரணமாகும்.

பொதுத்தேர்வே வேண்டாம் என்று இதிலிருந்து முடிவுகட்டுவது தவறாகும். 2007-08 முதல் நுழைவுத் தேர்வின்றி மேல்நிலை மதிப்பெண்ணைக் கொண்டே பொறியியல் சேர்க்கை நடைபெற்றதால், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரியில் காலெடுத்து வைத்த மாணவர் பலர். சானடோரியத்தின் ஏற்றுமதி வளாகத்திலும் பல்லாவரத்துத் தோல் பட்டறைகளிலும் உழைப்போரின் பிள்ளைகளுக்கு, விடைத்தாளில் பெயர் தெரியாத அப்பொதுத்தேர்வு நியாயமான வாயிலாகவே இருந்துள்ளது. ஆசிரியர்களும் இதை நன்கறிவர். அதனாலேயே மனம் ஒப்பாத திருப்புதல் தேர்வுகளையும் பொறுப்போடு நடத்துகின்றனர். எமிஸ் என்னும் கல்வித் தகவல் தளத்தில் பதிவேற்றம், தேர்தல் பணி முதலியவை பாடவேளையைத் தின்பதும் உண்மையே. ஆனால் இச்சுமை கணித, அறிவியல் ஆசிரியர்க்கு மட்டும் உரியதன்று, எல்லாப் பாட ஆசிரியர்க்கும் பொதுவானது.

2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டச் சட்டகத்துக்காகத் தரமணி கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். இராமானுஜம் தலைமையில் அமைந்த குழு, குழந்தையின் சிந்தனையைக் கணிதமயமாக்குவதே, அதாவது அளவாகவும் அமைப்பாகவும் தருக்கமாகவும் சிந்திக்கப் பழக்குவதே பள்ளிக் கணிதத்தின் முதன்மை நோக்கம் என வரையறுத்தது. அந்நோக்கத்துக்கு இடமளிக்கும் முதல் மாற்றம் பதினொன்றாம் வகுப்பின் கணிதத்தில் வெக்டரையும் வகையீட்டையும் முன்னுக்குக் கொண்டுவருவதாகும். ஒரே ஆசிரியர் அறையில் அமர்ந்திருக்கும் இரு ஆசிரியர்கள் தமக்குள் பேசியே இதைச் செய்துகொள்ளலாம் எனத் தோன்றும். ஆனால் காலாண்டுத் தேர்வின் பொது வினாத்தாள் பாட வரிசையை முன்னரே நிர்ணயித்துவிடுவதால், வரிசையை மாற்றும் அதிகாரம் பள்ளிக்கு இல்லாமற் போகிறது. கூடுதல் நிதியும் புதிய பணியிடமும் கோராத இம்மாற்றத்தைப் பாடநூல் குழுவும் தேர்வுத் துறையும் சேர்ந்தே செய்ய இயலும்.