வெளிச்சம் யாருக்காக? மன்னார்க் கரையின் இரவு விளக்குகள்

ஓர் ஊரின் வரலாற்றை அதை ஆண்டவர்களைக் கொண்டு எழுதுவதே வழக்கம். மன்னார்க் கோட்டையை 1560 இல் போர்த்துக்கேயர் அமைத்தனர், 1658 இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர், 1795 இல் ஆங்கிலேயர் வந்தனர் என்று நானும் வகுப்பில் அப்படித்தான் சொல்லிக் கொடுக்கின்றேன். அக்கோட்டையைச் சூழ வாழ்ந்தவர்கள் இரவில் எதைக் கொளுத்தினார்கள், எந்த வெளிச்சத்தில் வீடு திரும்பினார்கள் என்பதைப் பாடநூல்கள் கேட்பதில்லை. பழைய தெருக்களுக்கு இரவில் ஒளியூட்டி அழகுபடுத்துவது உலகெங்கும் ஒரு தனிக்கலையாக வளர்ந்துவிட்டது. எமது கரைக்கும் அது ஒருநாள் வரக்கூடும். அதற்கு முன்னர் எமது இரவுகளின் வரலாற்றை ஒருமுறை திரும்பிப் பார்ப்பது நல்லது.

மன்னார்க் கரையில் ஒரு காலத்தில் முழு நகரமொன்றே சில வாரங்களுக்கு மட்டும் தோன்றி மறைந்தது. அது முத்துக்குளிப்பு நகரம். சிலாபத்துறையிலும் மரிச்சுக்கட்டியிலும் வெறும் மணல்வெளியில் கம்பும் ஓலையும் கொண்டு தெருக்கள் எழுந்தன. கடைகள், நீதிமன்று, வைத்தியசாலை, சிப்பிகளை எண்ணிப் பிரிக்கும் ‘கொட்டு’ என்ற பெரிய அடைப்பு ஆகிய யாவும் அங்கிருந்தன. கீழக்கரை முஸ்லிம்களும் பாரசீக வளைகுடா அரபிகளும் பரதவரும் அங்கே கூடிக் குளித்தனர். 1905 ஆம் ஆண்டுப் பருவத்தில் மாத்திரம் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அதில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு. ஒரு பங்கே குளித்தவர்களுக்கு. 1906 இல் அங்கே இளம் அதிகாரியாகக் கடமையாற்றிய லெனாட் வூல்ஃப் பின்னர் எழுத்தாளராகி அந்த அனுபவத்தை எழுதியும் இருக்கின்றார்.

அந்த நகரம் இரவில் உறங்கிய நகரமன்று. நள்ளிரவு கடந்து கரைக்காற்று எழும்போது தோணிகள் புறப்பட வேண்டும். விடியும்போது பார்களில் நிற்க வேண்டும். பிற்பகலில் கடற்காற்றோடு திரும்பினால் சிப்பி இறக்கி எண்ணி, மாலையில் ஏலம். ஆகவே அங்கே விளக்கு அலங்காரப் பொருளாக இருந்திருக்க முடியாது. அது தொழிற்கருவி. ஓலையால் ஆன ஊரில் அதே விளக்கு பெரும் அச்சமும்கூட. 1925 இல் கடைசி முத்துக்குளிப்பு முடிந்தது. தெருக்கள் இருந்த இடத்தில் இன்று மணலே இருக்கின்றது. முதலாவது ஆங்கிலேயத் தேசாதிபதி பிரெடரிக் நோர்த் முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்ய 1801 தொடக்கம் 1804 வரை அரிப்பில் கட்டிய ‘டொரிக்’ மாளிகை மாத்திரம் இடிபாடாய் எஞ்சி நிற்கின்றது. சிப்பி ஓடுகளைச் சுட்டெடுத்த சுண்ணாம்பால் பளிங்குபோல் பூசப்பட்டிருந்த சுவர் அது. இப்போது கடல் அதன் அடியை அரித்துக் கொண்டிருக்கின்றது.

அடுத்து வந்தது கப்பலுக்கான வெளிச்சம். 1914 இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. 1915 இல் தலைமன்னார்க் கலங்கரை விளக்கம் எழுந்தது. அதன் ஒளி கடலுக்கு. ஊருக்குள் இருந்தவை வேறு விளக்குகள். திண்ணைச் சுவரின் மாடத்தில் தேங்காயெண்ணெய் விளக்கு. மண்ணெண்ணெய் வந்த பின்னர் குப்பி விளக்கும் அரிக்கன் லாம்பும். கல்யாணத்துக்கும் கந்தூரிக்கும் பெற்றோமாக்ஸ். பரவைக்கடலில் மீன் தேடுவோரின் சூள். நோன்பு காலத்தில் றபான் அடித்துச் சஹருக்கு எழுப்பிவரும் பாவாவின் கைலாம்பு. இவற்றை யாரும் திட்டமிட்டு அமைக்கவில்லை. இருப்பினும் ஒரு தெருவில் எந்த வீட்டில் ஆள் விழித்திருக்கின்றது, எங்கே நோயாளி இருக்கின்றார், யார் வீட்டுக்கு மாப்பிள்ளை வந்திருக்கின்றார் என்பதையெல்லாம் அவை தெரிவித்தன. தெருவெளிச்சம் என்பது உண்மையில் வீட்டு வெளிச்சத்தின் மிச்சமாகவே இருந்தது.

அந்த மிச்சமும் ஒரேயடியாக அணைந்த ஆண்டு 1990. அவ்வாண்டு ஒக்டோபர் இறுதியில் வடமாகாண முஸ்லிம்கள் தமிழீழ விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். மன்னார்த் தீவிலிருந்து பலர் வள்ளங்களில் கற்பிட்டிக்குக் கொண்டு செல்லப்பட்டனர். புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் குப்பி விளக்கு மீண்டும் ஏற்றப்பட்டது. தலைமன்னார்ப் புகையிரதமும் அதே ஆண்டில் நின்றது. தீவை நிலத்தோடு இணைத்த பாலமும் தகர்க்கப்பட்டது. பெருநிலப் பகுதியில் எரிபொருள் தடையின் கீழ் வாழ்ந்த தமிழ் மக்களும் ஜாம் போத்தலில் சொட்டு மண்ணெண்ணெய் விட்டு இரவைக் கடத்தினர். பாலம் 2010 இலும் தலைமன்னார்ப் புகையிரதம் 2015 இலும் திரும்பின. மின்கம்பங்களும் வந்தன. ஆனால் கம்பத்தில் விளக்கெரிந்தும் பூட்டிய வாசல்கள் பல இன்றும் உள்ளன. பிள்ளைகளின் படிப்பும் தொழிலும் புத்தளத்தோடு கட்டுண்டுவிட்டதால் பலரால் முழுதாகத் திரும்ப முடியவில்லை.

இதன் மறுபக்கத்தைக் காலிக் கோட்டையில் காணலாம். 1988 இல் உலக மரபுரிமைத் தலமான அக்கோட்டையின் தெருக்கள் இரவில் அழகானவை. 1939 இல் கட்டப்பட்ட கலங்கரை விளக்கமும் அதற்கெதிரே வெண்ணிற மீரான் ஜும்ஆப் பள்ளிவாசலும் நிற்கும் காட்சியைக் கண்டவர் மறக்கமாட்டார். பழைய வீட்டுத் தூண்களில் இளமஞ்சள் ஒளி படிகின்றது. ஆயினும் தலைமுறைகளாக அங்கிருந்த முஸ்லிம் குடும்பங்கள் பல வீடுகளை விற்று வெளியேறிவிட்டன. வீடுகள் பல ஹோட்டல்களாகிவிட்டன. அவர்களை எவரும் துப்பாக்கி காட்டி அனுப்பவில்லை. நிலத்தின் விலையே அனுப்பியது. எமது கரையில் மக்கள் போனார்கள், விளக்கு அணைந்தது. அங்கே விளக்கு வந்தது, மக்கள் போகின்றார்கள்.

இதனால் ஒளியூட்டலே வேண்டாம் என்பதல்ல என் கருத்து. பிரான்ஸின் லியோன் நகரம் 1989 இல் முழு நகருக்குமான ஒளித்திட்டமொன்றை வகுத்தது. பல நகரங்கள் அதைப் பின்பற்றின. இக்கலையின் அடிப்படைகளில் நாம் கற்க வேண்டியவை உண்டு. எமது பழைய சுவர்களில் பல முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சேர்ந்தவை. நேர்முன்னே நின்று வீசும் பெருவிளக்கு அவற்றைத் தட்டையாக்கிவிடும். சுவரை ஒட்டிச் சரிவாக விழும் சிறு ஒளியே கல்லின் மேடுபள்ளத்தைக் காட்டும். ஒளியின் நிறத்தைக் கெல்வின் கணக்கில் அளக்கின்றார்கள். எண்ணெய் விளக்கின் நிறம் 2,000 கெல்வின் அளவில் இருக்கும். கண்ணைக் கூசவைக்கும் வெள்ளை எல்.இ.டி. விளக்குகள் 4,000 க்கு மேல். பழைய தெருவுக்குப் பொருந்துவது 2,700 க்கு மேற்படாத இளஞ்சூட்டு ஒளி. விளக்குக்கு மூடியிருந்து ஒளி கீழ்நோக்கி விழவும் வேண்டும்.

மன்னாருக்கு இது அழகு சம்பந்தப்பட்ட விடயம் மாத்திரமன்று. மத்திய ஆசியாவிலிருந்து வலசை வரும் பறவைகளுக்கு இத்தீவு நுழைவாயில். வங்காலைச் சரணாலயம் 2010 இல் ராம்சார் தலமானது. இரவில் பறக்கும் பறவைகளை வானோக்கிய வெளிச்சம் திசைதிருப்பும். 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனி மின்னிலையத்தின் 30 காற்றாலைகள் ஏற்கெனவே தென்கரையில் நிற்கின்றன. 100 மெகாவாற்றுக்கு மேல் மின் பிறக்கும் கரை எமது கரை. அம்மின்சாரத்தில் ஒரு துளி எமது ஒழுங்கைகளுக்கு வரக்கூடாதா?

வருமாயின் அதற்கொரு வரிசை இருக்கட்டும். இஷாத் தொழுகை முடித்து முதியவர் நடந்து வரும் ஒழுங்கை, மாலை வகுப்பு விட்டுப் பெண்பிள்ளைகள் திரும்பும் பாதை, மீனவர் வள்ளம் இழுக்கும் இறங்குதுறை ஆகியவை முதலில். பூட்டிக் கிடக்கும் வீட்டுக்காரர் திரும்பி வந்து குடியிருப்பதற்கான காணியும் தொழிலும் பாடசாலையும் அத்தோடு சேர்ந்தே வரட்டும். கோட்டையும், அரபு வணிகர் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பள்ளிமுனைப் பெருக்கமரமும் அதன் பிறகு ஒளி பெறலாம். நூற்றாண்டுகளாக இருட்டில் நின்றவை அவை. இன்னும் சில ஆண்டுகள் பொறுத்துக் கொள்ளும்.