கார்புரேட்டர்: தேய்ந்ததும் ஓய்ந்ததும்

1950களில் அமெரிக்காவில் செய்யப்பட்ட ஒரு பழைய பிக்கப் டிரக். நெடுஞ்சாலையில் ஒரு குறையும் இல்லாமல் ஓடும். ஆனால் சிக்னலில் நின்றால் போதும், இன்ஜின் குலுங்கிக் குலுங்கி அணைந்துவிடும். மறுபடி ஸ்டார்ட் செய்து ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டே இருந்தால்தான் உயிரோடு இருக்கும். ஓடும்போது நன்றாக இருக்கும் வண்டி, நிற்கும்போது மட்டும் ஏன் மக்கர் செய்கிறது?

பல நேரங்களில் காரணம், கார்புரேட்டரில் தேய்ந்துபோன ஒரு சிறு துளை. அந்தத் துளையைப் புரிந்துகொண்டால், சுமார் நூறு ஆண்டுகள் உலக வாகனங்களை ஓட்டிய ஒரு கருவியின் வாழ்வும் முடிவும் புரிந்துவிடும்.

அது செய்யும் வேலை

பெட்ரோல் திரவமாக இருந்தால் இன்ஜினுக்குள் சரியாக எரியாது. காற்றோடு சரியான அளவில் கலக்க வேண்டும். ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று தேவை. இந்தக் கலவையைத் தயாரிக்கும் சமையற்காரர்தான் கார்புரேட்டர்.

இதற்குப் பின்னால் இருக்கும் இயற்பியல், காரை விட மிகப் பழையது. குறுகலான பாதையில் காற்று வேகமாகப் போகும். வேகம் கூடினால் அழுத்தம் குறையும். வேகத்துக்கும் அழுத்தத்துக்கும் உள்ள உறவை டேனியல் பெர்னூலி 1738-ல் வெளிவந்த தன் நூலில் விளக்கினார். கார்புரேட்டரின் இடுங்கிய கழுத்துப் பகுதியில் அழுத்தம் குறையும்போது, பக்கத்துக் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் ஜெட் என்னும் நுண்துளை வழியாக உறிஞ்சப்பட்டுத் தூவானமாகக் கலக்கிறது. மின்சாரம் வேண்டாம், கணினி வேண்டாம். காற்றே எல்லாவற்றையும் செய்துவிடும்!

தொப்பி ஊசியில் தொடங்கிய ரிப்பேர்

ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் 1886-ல் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில் இருந்தது இன்னும் எளிமையான அமைப்பு. எரிபொருளின் மேற்பரப்பில் இருந்து எழும் ஆவியைக் காற்று சுமந்து செல்லும், அவ்வளவுதான்.

1888-ல் அவருடைய மனைவி பெர்தா பென்ஸ், இரண்டு மகன்களுடன் மன்ஹைமிலிருந்து ஃபோர்ஸ்ஹைம் வரை சுமார் 100 கிலோமீட்டர் அந்த வண்டியிலேயே போனார். பெட்ரோல் பங்க் என்ற ஒன்றே இல்லாத காலம். வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக்கடையில் எரிபொருள் வாங்கினார். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தன் தொப்பியில் குத்தியிருந்த ஊசியை எடுத்து அடைப்பை நீக்கிவிட்டுப் பயணத்தைத் தொடர்ந்தார். முதல் நெடும்பயணத்திலேயே ஓட்டுபவரே மெக்கானிக்காகவும் ஆகிவிட்டார்!

தூவானமாகத் தெளிக்கும் முறை 1893-ல் வந்தது. ஜெர்மனியில் வில்ஹெல்ம் மைபாக்கும், ஹங்கேரியில் டோனாட் பாங்கி, யானோஷ் சோங்கா இருவரும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் இதை உருவாக்கினார்கள். பின்னாளில் வந்த கார்புரேட்டர்கள் பெரும்பாலும் இந்த வழி வந்தவையே.

விவசாயியின் வண்டி

1908 முதல் 1927 வரை ஃபோர்டு நிறுவனம் 1.5 கோடிக்கும் அதிகமான மாடல் டி வண்டிகளைத் தயாரித்தது. 1925-ல் அதே மாடலில் பின்னால் சுமைப்பெட்டி வைத்த பிக்கப் வண்டியைத் தொழிற்சாலையிலிருந்தே விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை 281 டாலர்.

இதை வாங்கியவர்களில் பலர் விவசாயிகள். பக்கத்தில் ஒர்க்ஷாப் இருக்காது. ஆனால் மாடல் டி-யில் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடியே ஒரு குமிழைத் திருகிப் பெட்ரோல் அளவைக் கூட்டலாம், குறைக்கலாம். குளிர் காலையில் கொஞ்சம் கூட்டி வைப்பார்கள். இன்ஜின் சூடானதும் குறைப்பார்கள். காதால் கேட்டு, கையால் திருத்துவது ஓட்டத் தெரிந்த எல்லோருக்கும் தெரிந்த கலையாக இருந்தது.

1947-ல் அறிமுகமான ஷெவர்லே பிக்கப் வரிசையின் ஆறு சிலிண்டர் இன்ஜினிலும் ஒரே ஒரு கார்புரேட்டர்தான். ஒரு ஸ்க்ரூடிரைவரும் இரண்டு மூன்று ஸ்பேனரும் இருந்தால் கழற்றி மேசை மேல் வைத்துவிடலாம்.

எங்கே தேய்கிறது, எப்படிச் சரிசெய்வது

இப்போது சிக்னலில் அணையும் டிரக்குக்கு வருவோம். கார்புரேட்டரின் அடிப்பகுதியில் திராட்டில் என்னும் வட்டத் தகடு உண்டு. அதைத் தாங்கும் தண்டு, ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போதெல்லாம் சுழல்கிறது. ஸ்பிரிங் அந்தத் தண்டை எப்போதும் ஒரே பக்கமாக இழுப்பதால், பல ஆண்டுகளில் வட்டத் துளை முட்டை வடிவமாகிவிடும். அந்த இடைவெளி வழியாக, கணக்கில் இல்லாத காற்று உள்ளே புகும்.

வண்டி நிற்கும்போது திராட்டில் ஏறக்குறைய மூடியிருக்கும். உள்ளே உறிஞ்சும் விசை மிக அதிகம். இன்ஜினுக்குத் தேவையான காற்றோ மிகக் குறைவு. எனவே சிறு கசிவுகூடக் கலவையைக் கெடுத்துவிடும். வேகமாக ஓடும்போது திராட்டில் திறந்து ஏராளமான காற்று போவதால் அதே கசிவு கடலில் கலந்த துளி. நெடுஞ்சாலையில் நல்ல பிள்ளையாக இருக்கும் வண்டி சிக்னலில் முரண்டு பிடிக்கும் ரகசியம் இதுதான்.

கண்டுபிடிப்பது எளிது. இன்ஜின் ஓடும்போது தண்டின் முனையில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால், கசிவு சிறிது நேரம் அடைபட்டு இன்ஜினின் சத்தம் மாறும். சரிசெய்வதற்குத்தான் பொறுமை தேவை. துளையைச் சீராகப் பெரிதாக்கி, அதில் வெண்கல புஷ் அடித்து, இரண்டு பக்கமும் நேர்கோட்டில் வருமாறு ரீமரால் கடைய வேண்டும். தகட்டை மாட்டியபின் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஓரத்தில் ஒளி கசிகிறதா என்று பார்ப்பார்கள். தகட்டின் திருகாணி முனைகளை நசுக்கி விடுவதும் முக்கியம். இல்லாவிட்டால் அவை கழன்று நேராக இன்ஜினுக்குள் போய்விடும்.

மற்ற பாகங்களுக்கும் இப்படியே ஒரு கைவைத்தியம் உண்டு. பித்தளை மிதவையில் ஓட்டை இருந்தால் வெந்நீரில் அமிழ்த்தினால் குமிழி வரும். ஈயப்பற்று வைக்கலாம், அதிகம் வைத்தால் மிதவை கனத்துப் பெட்ரோல் மட்டம் உயர்ந்துவிடும். ஜெட்டைக் கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகி அளவு கெடும்.

ஓய்ந்த கதை

இவ்வளவு எளிதாகச் சரிசெய்யக்கூடிய கருவி ஏன் ஒழிந்தது? லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைப் புகைமூட்டம் வாட்டிய காலத்தில், வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மிட் 1950களின் தொடக்கத்தில் ஓர் உண்மையை வெளிப்படுத்தினார். வாகனங்களிலும் எண்ணெய் ஆலைகளிலும் இருந்து வெளிவரும் எரியாத ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் சூரிய ஒளியில் வினைபுரிந்தே கண்ணைக் கரிக்கும் அந்தப் புகைமூட்டம் உருவாகிறது என்பதே அது. ஒருவரின் கார்புரேட்டர் தேய்மானம் அவருடைய சொந்த விஷயம் என்ற காலம் அத்துடன் முடிந்தது. அது ஊருக்கே பொதுவான விஷயமாகிவிட்டது.

1970-ல் அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. 1975 மாடல் கார்களில் புகையைச் சுத்திகரிக்கும் கேடலிடிக் கன்வர்ட்டர் பரவலாக வந்தது. அடுத்து வந்த மும்முனைக் கன்வர்ட்டர் வேலை செய்ய, கலவை எப்போதும் 14.7-ஐ ஒட்டியே இருக்க வேண்டும். தேய்ந்துகொண்டே போகும் தண்டாலும் துளையாலும் அந்தத் துல்லியத்தைத் தர முடியுமா? கலவையைத் திருத்தும் ஸ்க்ரூவை யாரும் தொடாதபடி மூடி போட்டு அடைத்துப் பார்த்தார்கள். கடைசியில் சென்சாரும் கணினியும் கொண்ட எரிபொருள் ஊசிமுறை வென்றது. 1990களின் நடுவில் அமெரிக்காவின் புதிய கார்களிலும் பிக்கப்களிலும் கார்புரேட்டர் மறைந்துவிட்டது. இந்தியாவில் 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்தபோது பெரும்பாலான புதிய மோட்டார் சைக்கிள்களும் அதற்கு விடைகொடுத்தன.

நகரத்தின் நுரையீரலுக்கு இது நல்ல முடிவு; அதில் சந்தேகமில்லை. ஆனால் இந்த மாற்றத்துக்கு ஒரு விலையும் உண்டு. தொப்பி ஊசியால் வண்டியைச் சரிசெய்த பெர்தா முதல் குமிழைத் திருகிய விவசாயி வரை, வண்டியை வைத்திருந்தவர் அதன் உள்ளே நடப்பதையும் அறிந்திருந்தார். இன்று கோளாறு என்னவென்று கணினியைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய பிக்கப்பின் கார்புரேட்டருக்கு ஒருவர் இன்றும் வெண்கல புஷ் அடிக்கிறார் என்றால், அவர் காப்பாற்றுவது வண்டியை மட்டும் அல்ல, அந்த அறிவையும்தான்.