சிரிக்காத முகம்: பஸ்டர் கீட்டனின் கலைவாழ்வு

மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதலில் வைத்தார் தொல்காப்பியர். உள்ளத்து உணர்வு மெய்யின்கண் புலப்படுவதே மெய்ப்பாடு. எனினும், திரைப்பட நகைச்சுவையின் சிகரங்களுள் ஒருவராகப் போற்றப்படும் அமெரிக்கக் கலைஞர் பஸ்டர் கீட்டனின் சிறந்த படங்களில் அவர் முகம் நகைப்பதில்லை. உடல் விழும், உருளும், பறக்கும். முகமோ கல்லாய் இருக்கும். அவையோர் மட்டுமே சிரிப்பர். பேசும்படம் வந்ததால் இக்கலைஞர் வீழ்ந்தார் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கதை. அவர் வாழ்வை வரிசைப்படுத்திப் பார்த்தால் வேறோர் உண்மை புலப்படும்.

கீட்டன் 1895 அக்டோபர் 4 அன்று கான்சஸ் மாநிலத்துப் பிக்குவா என்னும் சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் ஊர்தோறும் சென்று பல்சுவை மேடை நிகழ்ச்சி நடத்தியவர்கள். தந்தை மகனைப் பந்துபோல் தூக்கி எறிவதே அந்நிகழ்ச்சியின் உயிர். அடிபடாமல் விழும் வித்தையையும், தாம் சிரித்தால் அவையின் சிரிப்பு குறைகிறது என்ற நுட்பத்தையும் சிறுவன் அம்மேடையிலேயே கற்றான். 1917இல் நியூயார்க் நகரில் ரோஸ்கோ ஆர்பக்கிளின் படக்குழுவில் சேர்ந்து, படக்கருவியின் இயக்கத்தையும் பயின்றார்.

1920 முதல் அவருக்கெனத் தனிப் படப்பிடிப்புக்கூடம் அமைந்தது. 1923க்குள் 19 குறும்படங்கள். 1923க்கும் 1928க்கும் இடையே 10 முழுநீளப் படங்கள். எழுதி முடித்த கதைவசனச் சுவடி ஏதும் இல்லை. நண்பர் சிலர் கூடியமர்ந்து கற்பனை செய்வர். கருத்துத் தோன்றாவிடில் எழுந்து சென்று பேஸ்பால் ஆடுவர். கதையின் தொடக்கமும் முடிவும் அமைந்துவிட்டால் நடுப்பகுதி தானே அமையும் என்பது கீட்டனின் கொள்கை.

அந்தச் சிறு குழுவிலிருந்து பிறந்தவையே அவருடைய பெரும் படைப்புகள். 'ஷெர்லாக் ஜூனியர்' (1924) படத்தில், திரையரங்கில் படம் ஓட்டும் இளைஞன் கனவில் திரைக்குள்ளேயே நுழைந்துவிடுகிறான். அதற்காகத் தண்ணீர்த் தொட்டியின் குழாயிலிருந்து விழுந்தபோது கீட்டனின் கழுத்தெலும்பு முறிந்தது; பல்லாண்டுகள் கழித்து மருத்துவர் சொன்ன பின்னரே அதை அவர் அறிந்தார். 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' (1928) படத்தில் வீட்டின் முன்சுவர் முழுவதும் அவர்மீது சாய்கிறது. மாடிச் சாளரத்தின் திறப்பு அவர் நின்ற இடத்தில் விழுவதால் உயிர் தப்புகிறார். தந்திரக் காட்சியன்று; உண்மைச் சுவரே விழுந்தது. இடைவெளி சில அங்குலம்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1862இல் நிகழ்ந்த இரயில் துரத்தலைக் கருவாகக் கொண்ட 'தி ஜெனரல்' (1926) படத்திற்காக, ஆரெகன் மாநிலத்தில் உண்மையான இரயில் எந்திரமே எரியும் பாலத்திலிருந்து ஆற்றில் வீழ்த்தப்பட்டது. படம் வசூலில் ஏமாற்றியது. அன்றைய விமர்சகர் பலரும் பாராட்டவில்லை.

1928இல், அவருடைய தயாரிப்பாளரும் உறவினருமான ஜோசப் ஷென்க்கின் யோசனைப்படி, கீட்டன் எம்.ஜி.எம். நிறுவனத்தில் ஒப்பந்தமானார். சாப்ளினும் ஹெரால்டு லாயிடும் வேண்டாமென்று தடுத்ததையும், அதுவே தம் வாழ்வின் பெரும் பிழை என்பதையும் பிற்காலத்தில் அவரே தன்வரலாற்றில் எழுதினார். வாரம் 3,000 டாலர் ஊதியம் கிடைத்தது, குழு கலைந்தது. பிறர் எழுதித் தந்த கதையில், பிறர் வகுத்த நகைச்சுவையில் அவர் நடிக்க வேண்டியிருந்தது. மேடையில் வளர்ந்த அவருக்குக் குரல் ஒரு தடையன்று. பேசும்படங்கள் பல நல்ல இலாபமும் ஈட்டின. அவருடைய தலைசிறந்த படம் பணத்தை இழந்தது. அவர் வெறுத்த படங்கள் பணத்தைக் குவித்தன. இம்முரணைத் தாங்காத மனம் மதுவை நாடியது. 1932இல் மணமுறிவு, 1933இல் நிறுவனம் அவரை நீக்கியது. பின்னர் அதே நிறுவனத்தில் வாரம் 100 டாலருக்கு, பிற நடிகர்களின் படங்களுக்கு நகைச்சுவைத் துணுக்குகள் புனைந்து கொடுத்தார்.

மீட்சி ஒரு கவிஞரின் பேனாவிலிருந்து வந்தது. கவிஞரும் விமர்சகருமான ஜேம்ஸ் ஏஜி, 1949இல் 'லைஃப்' இதழில் ஊமைப்பட நகைச்சுவையைப் பற்றிய நீண்ட கட்டுரையை எழுதி, கீட்டனைச் சாப்ளினுக்கு இணையான வரிசையில் நிறுத்தினார். 1952இல் சாப்ளினின் 'லைம்லைட்' படத்தில் இருவரும் ஒரே மேடையில் தோன்றினர். கீட்டனின் பழைய இல்லத்தில் அவருடைய படச்சுருள்கள் கண்டெடுக்கப்பட்டன; படங்கள் மீண்டும் திரையேறின. 1965இல் வெனிஸ் திரைப்பட விழாவில் அவையோர் எழுந்து நின்று நெடுநேரம் கைதட்டினர். 1966 பிப்ரவரி 1 அன்று அவர் மறைந்தார். 1989இல் அமெரிக்க அரசு தேசியப் பாதுகாப்புக்கெனத் தேர்ந்தெடுத்த முதல் 25 படங்களுள் 'தி ஜெனரல்' இடம்பெற்றது.

கீட்டனை வீழ்த்தியது ஒலியன்று. தம் குழுவோடு கூடியமர்ந்து தாமே படைக்கும் உரிமையை இழந்ததே அவரை வீழ்த்தியது. அக்குழு நிலைத்திருந்தது எட்டே ஆண்டுகள். அவர் பெயர் இன்று நிற்பது அந்த எட்டாண்டுப் படைப்புகளின் மேல்தான்.